ஃபிரிட்ஜ் வந்தது, தரை போனது: 150 வெள்ளி பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்வதா?

செங்காங் வாசி:
சிங்கப்பூர் செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன சனிக்கிழமை புது ஃபிரிட்ஜ் வந்தது. கொண்டுவந்த இரண்டு பேரும் அட்டைகூட விரிக்காமல் வாசலிலிருந்து சமையலறை வரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஹாலில் வினைல் பலகைத் தரை. இப்போது அதில் நீளமாக இரண்டு தடம். லேசான கீறல் இல்லை, விரல் வைத்தால் பள்ளம் தெரிகிறது. எண்ணிப் பார்த்தேன், 9 பலகைகள். சமையலறைக் கதவு நிலையிலும் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அதிலிருந்து எடுத்த ஐஸ் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தரை போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்த நிறம் இப்போது வருவதில்லையாம், ஹால் முழுவதும் மாற்ற 2,600 வெள்ளி என்கிறார் காண்ட்ராக்டர். கடையோ, "டெலிவரி ஆட்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, வெளி நிறுவனம். இருந்தாலும் 150 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருகிறோம்" என்கிறது. வந்ததை வாங்கிக்கொண்டு வேலையைப் பார் என்பது மாமியார் கட்சி. நான் 2,600-ஐயும் கேட்கலாம் என்றிருக்கிறேன். கேட்டால் தப்பா?

லாரி மாமா:
தம்பி, நான் 9 வருஷம் இந்த வேலை பார்த்தவன். கோபப்படாமல் படியுங்கள். ஒரு நாளைக்கு 15, 16 வீடு. கீழே லாரியை ஓரமாக நிறுத்தினால் பின்னால் ஹார்ன். சில பழைய புளோக்கில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, அங்கே ஃபிரிட்ஜைத் தோளில் ஏற்ற வேண்டும். அட்டை விரிக்காதது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 9 பலகைக்கு முழு ஹாலையும் கேட்பது எந்த ஊர் நியாயம்? சட்டையில் பட்டன் போனால் புதுச் சட்டையா கேட்பீர்கள்? நீங்கள் கேட்கும் 2,600 கடை முதலாளி பையிலிருந்து வராது. அந்த இரண்டு பையன்கள் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கணக்கு டீச்சர்:
மாமா, பையன்களைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால் முதலாளி முதலில் விசாரிக்க வேண்டும், ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல இடம் தர வேண்டும். அப்புறமும் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. வேலை நியமனச் சட்டத்தில் இருக்கிறது.

செங்காங் வாசி, நீங்கள் பணம் கொடுத்தது யாருக்கு? கடைக்கு. ரசீதில் டெலிவரியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டுக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்து வைப்பதும் கடை ஒத்துக்கொண்ட வேலைதான். அதை அவர்கள் யாரிடம் கைமாற்றி விட்டார்கள் என்பது அவர்கள் வீட்டுக் கதை.

லாரி மாமா:
சட்டத்தில் இருக்கிறது, சரி. வெளிநாட்டிலிருந்து வொர்க் பெர்மிட்டில் வந்த பையன் முதலாளியிடம் போய் "கால் பங்குதான் பிடிக்கலாம்" என்று சொல்லுவானா டீச்சர்?

கணக்கு டீச்சர்:
சொல்ல மாட்டான். ஆனால் அதற்காகச் செங்காங் வாசி பள்ளத்தோடு குடித்தனம் நடத்த வேண்டுமா? முதலாளி செய்யும் அநியாயத்துக்கு இவர் ஏன் தவணை கட்ட வேண்டும்?

நடுத்தெரு:
எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குத் தீக்காப்பீடு இருக்குமே, அதில் கேட்டுப் பாருங்களேன்?

கணக்கு டீச்சர்:
அது தீ விபத்துக்கு. தரைக் கீறலுக்கு வராது. தனியாக வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் அதைப் பார்க்கலாம்.

பழைய விலை:
நான் மாமா பக்கம், ஆனால் பையன்களுக்காக இல்லை. இழப்பீடு என்றால் இருந்த நிலைக்குத் திரும்ப ஆகும் செலவு. இரண்டு வருஷம் மிதித்த தரைக்குப் பதில் புத்தம் புதுத் தரை வாங்கினால் அது இழப்பீடு இல்லை, லாபம். இன்னொன்று, டெலிவரித் தாளில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

செங்காங் வாசி:
போட்டேன். ஃபிரிட்ஜ் மறைத்துக்கொண்டு நின்றதால் தரையை அப்போது பார்க்கவில்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் படம் எடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

கணக்கு டீச்சர்:
அந்தக் கையெழுத்து ஃபிரிட்ஜுக்கு, தரைக்கு இல்லை. படத்தில் நேரம் இருக்கிறது, அதுவே பெரிய பலம். தாளின் பின்பக்கம் "எந்தச் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருந்தாலும் கலங்க வேண்டாம். கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு அப்படி ஒரு வரி போட்டுத் தப்பிப்பதென்றால் அந்த வரி நியாயமானதாக இருக்க வேண்டும். நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் அதற்குத்தான்.

முதலில் படம், ரசீது, காண்ட்ராக்டர் கொடுத்த விலை எல்லாம் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், பதில் சொல்ல நாள் குறியுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க முடியாது, கடைக்கும் அதே கதிதான். டெலிவரி நிறுவனத்தின் மேலும் சொத்துச் சேதம் என்று அங்கேயே போடலாம்.

பழைய விலை சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பூட்டும் பலகை அது. நடுவில் ஒன்றை உருவ முடியாது, சுவர் ஓரத்திலிருந்து கழற்றிக்கொண்டே வர வேண்டும். அதுவும் அந்த நிறமே கிடைக்காதபோது 9 பலகை மட்டும் மாற்றினால் ஹால் செஸ் போர்டு மாதிரி இருக்கும். அது "இருந்த நிலை" ஆகுமா?

லாரி மாமா:
நிறம் கிடைக்காதென்று சொன்னது யார்? 2,600 வாங்கப் போகிற காண்ட்ராக்டர்! தம்பி, தரை போட்டவர்கள் மிச்சப் பலகையை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்குள் சாமான் போட்டு வைக்கிற அந்த பாம் ஷெல்டர் அறையில் போய்ப் பாருங்கள்.

செங்காங் வாசி:
மாமா, பொங்கல் பானைக்குப் பின்னால் 6 பலகை இருக்கிறது! 3 குறைகிறது.

லாரி மாமா:
சோபாவுக்கு அடியில் மூன்றை எடுத்து முன்னால் போடுங்கள். வேறு நிறம் சோபாவுக்கு அடியில் போகட்டும், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

கணக்கு டீச்சர்:
ஏன் அவர் வீட்டுப் பலகையைத் தானம் பண்ண வேண்டும்? நாளைக்குக் குழாய் ஒழுகித் தரை கெட்டால் எதை வைத்து மாற்றுவார்? அந்த 6 பலகைக்கும் விலை போட்டுக் கேளுங்கள். நானாக இருந்தால் 2,600-லிருந்து ஒரு வெள்ளி இறங்க மாட்டேன்.

பழைய விலை:
மன்றத்தில் முதலில் சமரசம்தான் பேசுவார்கள் டீச்சர். மிச்சப் பலகையை மறைத்துவிட்டு முழுத் தரை கேட்டார் என்று தெரிந்தால் அங்கேயே வழுக்கிவிடும்.

செங்காங் வாசி:
வேறொரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். கழற்றி மாற்றிப் போடும் கூலி, 3 பலகை, கதவு நிலை, எல்லாம் சேர்த்து 940. டீச்சர் சொன்னபடி என் 6 பலகைக்கும் விலை சேர்த்து 1,080 என்று இன்று காலை கடைக்கு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை நேரம். மாமா, பணத்தைக் கடைதான் தர வேண்டும், ஊழியர்கள் இருவரிடமும் பிடிக்கக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதைக் கடை மதிக்குமா தெரியாது.

மாமியார் இன்னும் அந்தப் பற்றுச்சீட்டு எந்தத் தேதி வரை செல்லும் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.