புதுப்பிப்பு: நியூ ஹாம்ப்ஷயர் புனித பெனடிக்ட் மையம்

"மூடிய குழு" என்று புகார் வரும் பாரம்பரியக் கத்தோலிக்கக் குழுவை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது ஒரே யோசனைதான்: "குழுவின் தளத்தைப் பார்க்காதே, மறைமாவட்ட (ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதி) ஆணையைத் தேடு." நான் கேட்டது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ரிச்மண்ட் ஊரில் உள்ள புனித பெனடிக்ட் மையத்தைப் பற்றி. அதற்கு மான்செஸ்டர் மறைமாவட்டம் 2019 ஜனவரியில் ஆணை விதித்தது: கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அங்கே திருப்பலி (பூசை) கிடையாது. சட்ட அடிப்படை வேண்டுவோர் திருச்சபைச் சட்டம் 300-ஐப் பாருங்கள். பள்ளிக்கூடம் "கத்தோலிக்க" என்று பெயர் வைத்துக்கொள்வதற்கு 803.

எதிர்பாராதது பெயர்க் குழப்பம். மூலக் குழுவின் தலைவரான குருவானவர் லெனார்டு ஃபீனி 1953-ல் சபைநீக்கம் செய்யப்பட்டு, 1972-ல் திருச்சபையோடு ஒப்புரவானார். பின்பு குழு பிளந்தது. மாசசூசெட்ஸின் ஸ்டில் ரிவரில் உள்ள பெனடிக்டின் மடம் அங்கீகாரம் பெற்றது, ரிச்மண்ட் மையம் வேறு. "புனித பெனடிக்ட்" என்ற பெயரை மட்டும் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும், ஊரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இன்னொன்று. ஆணை இல்லை என்பதாலேயே குழு நல்லது என்று ஆகாது. ஸ்டில் ரிவரில் ஃபீனியின் காலத்தில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்தார்கள். அதை எந்த அங்கீகாரச் சான்றிதழும் காட்டாது. துறவற இல்லமென்றால் சட்டம் 630-ஐ வைத்துக் கேளுங்கள்: பாவசங்கீர்த்தனத்துக்கு (பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட) வெளிக் குருவானவரிடம் போக விடுகிறார்களா? மனசாட்சியைத் தன்னிடம் திறந்து காட்டும்படி இல்லத் தலைவர் வற்புறுத்துகிறாரா? வற்புறுத்தக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 5-ஆம் பத்தியிலேயே இருக்கிறது. பள்ளியென்றால், வீட்டுக்குப் போகும் கடிதத்தை யார் பிரித்துப் படிக்கிறார்கள் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.