டிஎல்84-ல் (கடை ட்யூப்லைட் ஒளி) ஒத்துப்போன ஷேடு டி65-ல் (பகல் ஒளி) விலகுவது ஏன்?

திருப்பூர் டையிங் லேப்:
பாடி துணி பருத்தி, காலர் பாலியஸ்டர் கலந்தது என்றால் இது அடிக்கடி வரும். லைட் பாக்ஸில் (விளக்கை மாற்றி மாற்றி நிறம் பார்க்கும் பெட்டி) டிஎல்84 போட்டால் இரண்டும் ஒன்று. டி65-க்கு மாற்றியதும் காலர் மட்டும் சிவப்படிக்கும். கிரே, ஆலிவ், காக்கி ஷேடுகளில் தொல்லை அதிகம். தயவுசெய்து மெஷின் ஆப்ரேட்டர் மேல் பழி போடாதீர்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். இரண்டும் ஒளியை உறிஞ்சும் விதமே வேறு. லேப் டிப்பை (லேபில் சாயம் போட்ட மாதிரித் துண்டு) டி65, டிஎல்84, மஞ்சள் பல்பு மூன்றிலும் பார்த்துவிட்டு பல்க்குக்கு (மொத்த உற்பத்திக்கு) போங்கள்.

விழித்திரை பக்கத்திலிருந்து:
பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது மூன்று வகைக் கூம்புச் செல்கள். அவை ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டரில் அதிகம் தூண்டப்படும். எந்த அலைநீளம் எவ்வளவு வந்தது என்ற விவரம் மூளைக்குப் போவதே இல்லை, மூன்று செல்களின் மொத்தத் தூண்டல் மட்டும்தான் போகிறது. வேறு வேறு ஒளிக்கலவைகள் அதே மூன்று மொத்தங்களைத் தந்தால் நிறமும் ஒன்றாகவே தெரியும். டிஎல்84 விளக்கின் ஒளி பெரும்பாலும் 545, 611 போன்ற குறுகிய பட்டைகளில் குவிந்திருக்கிறது. இடைப்பட்ட பகுதியில் சாயங்களுக்குள் இருக்கும் வித்தியாசம் அங்கே மறைந்து, டி65-ன் தொடர் ஒளியில் வெளிப்படுகிறது.

வயதாக ஆகக் கண் வில்லை மஞ்சளாகும். அதனால் ஒரு விளக்கில் மட்டும் ஒத்துப்போகும் இப்படிப்பட்ட துணி ஜோடியை இளையவர் "ஓகே" எனலாம், மூத்தவர் மறுக்கலாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

ஷேடு செக்கிங்:
விளக்கைக் குறை சொல்லும் முன் துணியைக் கையாளும் விதத்தைப் பாருங்கள். அயர்ன் சூட்டோடு பார்த்தால் ஷேடு தப்பாகத் தெரியும். துணி ஆறி, காற்றின் ஈரம் ஏறட்டும். ஒளி ஊடுருவாத அளவுக்கு நாலாக மடித்து, இரண்டின் ஓரமும் ஒட்டும்படி, ஒரே திசையில் வைக்க வேண்டும். பின்னணி பளபளப்பில்லாத கிரே. சிவப்பு லாட்டை (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) உற்றுப் பார்த்த கையோடு கிரே லாட்டை எடுத்தால் அது பச்சையடிக்கும், சிவப்பை உணரும் செல்கள் களைத்திருப்பதால். இடையில் கண்ணைக் கிரேயில் ஓய்வெடுக்க விடுங்கள்.

அப்புறமும் தகராறு என்றால் ஸ்பெக்ட்ரோ வளைவைப் (துணி எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று கருவி வரையும் கோடு) பாருங்கள். இரண்டு வளைவும் ஒரே வடிவத்தில் மேலும் கீழுமாகப் போனால் ஆழத்தைத் திருத்தினால் போதும். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனால் எவ்வளவு டாப்பிங் (மேலே கூடுதல் சாயம்) போட்டும் தீராது, சாயத்தையே மாற்றணும்.