புதுப்பிப்பு: இம்முறை வாய் திறந்தேன்

புதிதாகச் சேர்ந்த ஒருவரின் நிறத்தை மூத்த சக ஊழியர் கேலி செய்தபோது நான் மௌனமாக இருந்துவிட்டதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன்; "திட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள்" என்று பலர் சொல்லியிருந்தீர்கள்.

நேற்று மறுபடியும் நடந்தது. "இருட்டில் இவர் சிரித்தால்தான் தெரியும்" என்று அவர் சொல்ல, வழக்கம்போல் இரண்டு பேர் சிரிக்க, நான் குரலை உயர்த்தாமல், "எனக்குப் புரியவில்லை சார், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். விளக்கத் தொடங்கிப் பாதியில் நின்றவர், கோப்பையின் விளிம்பை விரலால் தேய்த்தபடி, "சும்மா சொன்னேன்" என்றார். "அவருக்கு அது சும்மா இல்லை, சார்" என்றேன். என் குரல் நடுங்கத்தான் செய்தது.

உடனிருப்போர் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் பொறுப்பை அடுத்தவரிடம் விட்டுவிடும் போக்கை டார்லி, லட்டானே என்னும் உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அன்றைய என் மௌனத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் புதியவரைத் தனியே சந்தித்து, நான் குறுக்கிட்டது அவருக்குச் சங்கடமாக இருந்ததா என்று கேட்டேன். "இல்லை. முதல் தடவையே கேட்டிருக்கலாம்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.