விண்டோஸ் 11-க்கு மாறிய பின் டச்பேட், விசைப்பலகை, தமிழ்99 மூன்றும் தகராறு செய்கின்றன

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்திக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் மடிக்கணினியைப் போன வாரம் விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். இரவு முழுவதும் அது தானாக நிறுவிக்கொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்தபோது மூன்று கோளாறுகள் காத்திருந்தன.

டச்பேட் முற்றிலும் வேலை செய்யவில்லை. செட்டிங்ஸில் அதற்கென்று இருந்த பக்கத்தையே காணோம். யுஎஸ்பி மவுஸ் மட்டும் நன்றாக இயங்குகிறது. அடுத்து, விசைப்பலகையில் வழக்கமான வேகத்தில் தட்டினால் ஓர் எழுத்தும் விழுவதில்லை. ஒவ்வொரு விசையையும் ஒரு நொடி அளவுக்கு அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வருகிறது. விசைப்பலகை போய்விட்டது என்று கடையில் சொன்னதை நம்பிப் புதிதாக யுஎஸ்பி விசைப்பலகை ஒன்று வாங்கினேன், அதிலும் இதே கதைதான். மூன்றாவதாக, தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவன் நான். 'அம்மா' என்பதற்குரிய விசைகளை அழுத்தினால், எழுத்தில்லாமல் தனியாக நிற்கும் ஓர் ஓகாரக் குறியும் அதன் பின்னே 'ககௌ' என்பதும் வந்து நிற்கின்றன.

பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டென்று படித்தேன். அதில் ஆறு நாள் கழிந்துவிட்டது. திரும்பிவிடலாமா, அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா? இதை அலைபேசியிலிருந்து எழுதுகிறேன்.

மறுமொழி 1

தலைவலியே வேண்டாமென்றால் திரும்பிவிடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'கோ பேக்' இருக்கும். விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். அதற்குள் புது மடிக்கணினி வாங்கிவிடுங்கள்.

மறுமொழி 2

மேலே உள்ள யோசனை தவறில்லை. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே காலையில் மூன்றையும் பார்த்ததால் மூன்றுக்கும் மூலம் ஒன்றே என்று நீங்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. எனக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சங்கதிகளாகப் படுகின்றன. அவற்றில் ஒன்றாவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும்.

முதலில் விசைப்பலகை. கணினியோடு வந்ததும் புதிதாக வாங்கியதும் ஒரே விதமாகத் தடுமாறுகின்றன என்றால் குறை விசைப்பலகையில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் சென்று அம்புக்குறி விசைகளை அழுத்திப் பாருங்கள். அங்கே இயங்குதளம் இன்னும் எழுந்திருக்காது என்பதால், அங்கே நன்றாக வேலை செய்யும் விசைப்பலகை உள்ளே வந்ததும் தடுமாறினால் காரணம் விண்டோஸின் அமைப்புகளில்தான் இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வரும் என்று நீங்கள் சொல்வது 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதியின் அச்சு அசலான அடையாளம். கை நடுக்கம் உள்ளவர்கள் தவறுதலாகத் தொடும் விசைகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்காக அமைத்த நல்ல வசதி அது. வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 நொடி அழுத்திப் பிடித்தாலே அதை இயக்கவா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும்; படிக்காமல் என்டரைத் தட்டினால் இயங்கத் தொடங்கிவிடும். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதனுள் கீபோர்டு என்ற பக்கத்துக்குச் சென்று அதை அணைத்துவிடுங்கள். அதன் குறுக்குவழியையும் அங்கேயே அணைத்துவிட்டால் இனி இந்தத் தொல்லை வராது.

தமிழ் எழுத்துச் சிக்கலுக்கு விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தமிழ்99-இல் 'அம்மா' என்பதற்கு ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு ஆங்கில விசைகளை வரிசையாக அழுத்துவோம்; ஒரே மெய்யை இருமுறை அழுத்தும்போது முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அதே நான்கு விசைகள் இன்ஸ்கிரிப்ட் தளவமைப்பில் ஓகாரக் குறி, க, க, ஔகாரக் குறி ஆகியவற்றைத் தரும். உங்கள் திரையில் வந்து நின்றது அதுதான். அதாவது, உங்கள் விரல்கள் தமிழ்99-இல் இருக்கின்றன, கணினியோ இன்ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது. விண்டோஸில் வெறுமனே 'தமிழ்' என்று பெயரிட்டு இருப்பது இன்ஸ்கிரிப்ட் என்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். டைம் அண்ட் லாங்வேஜ் பகுதியில் தமிழ் மொழிக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, லாங்வேஜ் ஆப்ஷன்ஸில் 'தமிழ் 99' தளவமைப்பைச் சேர்த்துவிட்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.

டச்பேடுக்கு மட்டும் நீங்கள் கொடுத்த தகவல் போதாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணம் எதன் மீது இருக்கிறது, அதன்மேல் இருமுறை தட்டினால் என்ன எண் காட்டுகிறது என்று எழுதுங்கள்.

கேட்டவர்

வெட்கமாகத்தான் இருக்கிறது. நிறுவல் ஓடிக்கொண்டிருந்த இரவில் 240 பக்க மெய்ப்புத் தாள்களை அந்த விசைப்பலகையின் வலது ஓரத்தில்தான் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அந்தத் தாள்கட்டை எடுத்தபோது ஒலி ஒன்று கேட்டது, திரையில் ஏதோ பெட்டி இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்ற அறிவிப்பாக்கும் என்று நினைத்து என்டரை அழுத்திவிட்டேன். ஃபில்டர் கீஸ் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அணைத்துவிட்டேன், இப்போது இரண்டு விசைப்பலகைகளும் பழையபடி ஓடுகின்றன. தமிழ்99-ஐச் சேர்த்தாயிற்று, இந்த மறுமொழியைக் கணினியிலேயே அடிக்கிறேன்.

டச்பேடைப் பொறுத்தவரை, 'ஐ2சி ஹெச்ஐடி டிவைஸ்' என்பதன் மீது மஞ்சள் முக்கோணம் இருக்கிறது. சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்றும் கோட் 10 என்றும் காட்டுகிறது. அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கிப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

மறுமொழி 3

மடிக்கணினிகள் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் இந்தக் கோட் 10 எனக்குப் பழகிய முகம். இப்போதைய டச்பேடுகளில் பெரும்பாலானவை யுஎஸ்பி வழியாக அல்லாமல் ஐ2சி என்ற இரு கம்பித் தடத்தின் வழியாகவே மதர்போர்டோடு பேசுகின்றன. அந்தத் தடத்தை நடத்தும் கட்டுப்படுத்திக்கென்று தனியே ஒரு டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) உண்டு; இன்டெல் செயலி உள்ள கணினிகளில் அதன் பெயர் 'சீரியல் ஐஓ'. பாதை அடைபட்டிருக்கும்போது வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிப் பயனில்லை என்பது போல, அந்த டிரைவர் சரியில்லாதபோது டச்பேட் டிரைவரை எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் முக்கோணம் போகாது.

ஆகவே மடிக்கணினித் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில், உங்கள் மாடல் எண்ணுக்குரிய விண்டோஸ் 11 டிரைவர்களை எடுத்து, முதலில் சிப்செட், அடுத்து சீரியல் ஐஓ, கடைசியாக டச்பேட் என்ற வரிசையில் நிறுவுங்கள். டிரைவர்களைத் தேடித் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களின் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். நிறுவி முடித்ததும் ஷிஃப்டை அழுத்தியபடியே ஷட்டவுனைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணமாக அணைக்கும்போது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாக டிரைவர்களின் பழைய நிலை சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும், ஷிஃப்டோடு அணைத்தால் அது நடக்காது. பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு இயக்குங்கள்.

எல்லாவற்றையும் அழித்து நிறுவலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக மீட்புச் சூழலுக்குள், அதாவது பழுதுநீக்கத்துக்கென்று விண்டோஸுக்கு வெளியே திறக்கும் திரைக்குள், போவதாக இருந்தால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி5066835 என்ற திருத்தத்துக்குப் பிறகு, விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளில் யுஎஸ்பி மவுஸும் விசைப்பலகையும் மீட்புச் சூழலுக்குள் மட்டும் இயங்காமல் போயின; வெளியே வந்தால் நன்றாக இருக்கும். அக்டோபர் 20 அன்று கேபி5070773 என்ற அவசரத் திருத்தம் வந்து அது சரியானது. டச்பேட் இயங்காததால் திரையில் சுட்ட உங்களுக்கு இப்போது இருப்பது யுஎஸ்பி மவுஸ் ஒன்றுதான். ஆகையால் விண்டோஸ் அப்டேட்டில் நிலுவை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே அங்கே நுழையுங்கள்.

கேட்டவர்

மீட்புச் சூழலுக்குப் போகும் தேவையே ஏற்படவில்லை. தயாரிப்பாளர் பக்கத்தில் சீரியல் ஐஓ டிரைவர் கிடைத்தது. நீங்கள் சொன்ன வரிசையில் மூன்றையும் நிறுவி, ஷிஃப்டோடு அணைத்து எழுப்பியதும் முக்கோணம் மறைந்தது, டச்பேட் பக்கமும் செட்டிங்ஸில் திரும்பி வந்துவிட்டது. இரு விரல் உருட்டல் மட்டும் எனக்குப் பழகிய திசைக்கு நேர்மாறாக இருந்தது. அதே பக்கத்தில் மாற்றிக்கொண்டேன்.

விண்டோஸ் 10-க்குத் திரும்பப் போவதில்லை. புதிதாக வாங்கிய விசைப்பலகையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கடையில் கேட்டேன், பெட்டியைப் பிரித்துவிட்டதால் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். மெய்ப்புக் கட்டுகளுக்கு இப்போது அலமாரியில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.