பாரம் தாங்கும் கொட்டகைச் சுவரில் புதிதாக ஜன்னல் திறப்பது எப்படி?

கேள்வி:
ஈரோடு மாவட்டத்தில் எங்கள் வீட்டை ஒட்டி 20 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட ஓட்டுக் கொட்டகை ஒன்று உள்ளது. 9 அங்குலச் செங்கல் சுவர், 10 அடி உயரம், மேலே சீமை ஓடு. அதைத் தையல் அறையாக மாற்றும் எண்ணத்தில், கைமரங்கள் வந்து அமரும் நீளச் சுவரில் 4 அடி அகலத்திற்கு ஒரு ஜன்னல் வைக்க விரும்புகிறோம். கொத்தனார், முதலில் சுவரை இடித்துவிட்டு அதன் பிறகு லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்கு விட்டம்) கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். இது சரியான முறையா?

மறுமொழி 1:
தயவுசெய்து அவ்வாறு செய்ய அனுமதிக்காதீர்கள். லிண்டல் மட்டத்திற்கு மேல் உயரமான சுவர் இருந்தால், செங்கற்கள் ஒன்றையொன்று தாங்கி வளைவு போல நின்றுகொள்ளும். முக்கோண வடிவிலான பகுதியின் எடை மட்டுமே லிண்டலின் மீது வரும். லிண்டலை 7 அடி மட்டத்தில் வைத்தால், உங்கள் சுவரில் அதற்கு மேல் 3 அடிதான் மிஞ்சுகிறது. 4 அடித் திறப்புக்கு அந்த உயரம் போதாது என்பதால், கூரையின் பாரமும் அப்படியே லிண்டலில் இறங்கும் என்று கொண்டே வேலையைத் திட்டமிட வேண்டும்.

முதலில் கூரையைத் தாங்குங்கள். உட்புறம் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, திறப்பின் இரு பக்கமும் 2 அடி கூடுதலாக நீளும்படி, கைமரங்களுக்கு அடியில் கனமான கட்டை ஒன்றைக் கொடுத்து ஜாக்கி முட்டுகளால் நிறுத்துங்கள். முட்டின் அடியில் பலகை இல்லாவிட்டால் தரை அமிழ்ந்து, முட்டு பயனற்றுப் போகும். கைமரம் பாரத்தை முட்டின் மீது இறக்கும் அளவிற்கு ஆப்பு இறுக வேண்டும். ஓடு நகரும் அளவிற்குத் தூக்கக் கூடாது.

லிண்டலைத் தரையிலேயே முன்கூட்டி வார்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் 9 அங்குலம் சுவரில் அமர வேண்டுமாகையால் நீளம் ஐந்தரை அடி. 4½ அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ளதாக இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு 10 மி.மீ. கம்பி, மேலே இரண்டு 8 மி.மீ. கம்பி. மேற்புறத்தில் பெயின்ட் அடையாளம் இடுங்கள், ஏனெனில் தலைகீழாக வைத்துவிட்டால் கனமான கம்பி வேண்டிய இடத்தில் இராது. ஈரச் சாக்கு போட்டு நன்றாக நீராற்றி, 3 வாரம் கழிந்த பிறகே தூக்குங்கள். ஒரு துண்டே 70 கிலோவுக்கு மேல் இருக்கும்.

பின்னர் வெளிப்புறத்தில் பாதிச் சுவர் ஆழத்திற்கு மட்டும் வெட்டி ஒரு துண்டைச் செருகுங்கள். குறுக்கே போகும் செங்கற்களைச் சம்மட்டியால் அடிக்காமல் கட்டிங் மெஷினால் அறுங்கள். மேலுள்ள இடைவெளியில் 1:3 சிமென்ட் கலவையை, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரத்தோடு, அடித்து இறுக்குங்கள். மேற்சுவரை இந்த அடைப்புதான் லிண்டலோடு சேர்க்கிறது. ஆகவே இதில் அவசரம் கூடாது. மூன்று நாட்களாவது கழித்து உட்புறத் துண்டு. அதன் பின் ஒரு வாரம் சென்றே கீழே சுவரை இடித்து முட்டுகளை எடுக்க வேண்டும்.

மறுமொழி 2:
எங்கள் மாட்டுக் கொட்டகையில் இடித்த பின்னரே லிண்டல் என்ற முறையைத்தான் பின்பற்றினோம். அன்று மாலையே மேலிருந்து மூன்று வரி செங்கல் முக்கோணமாகச் சரிந்தது. மூலைகளிலிருந்து சாய்வாக விரிசலும் ஓடியது. ஆள் யாரும் அடியில் நிற்காததால் பிழைத்தோம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய சுவரானால் மண் கலவையில் கட்டியிருக்கலாம். இணைப்பை ஆணியால் சுரண்டிப் பாருங்கள். எளிதில் உதிர்ந்தால், லிண்டலின் இரு முனைகளுக்கும் அடியில் கான்கிரீட் படுக்கை அவசியம். அத்தகைய சுவரைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் தொட வேண்டாம்.

மறுமொழி 3:
கான்கிரீட் சன்ஷேடு இந்த முறைக்குப் பொருந்தாது. வெளியே நீளும் சன்ஷேடு, லிண்டலோடு ஒன்றாக வார்க்கப்பட்டு, மேற்சுவரின் எடையால் கவிழாமல் நிற்பது. பாதித் துண்டில் அந்தப் பிடிப்பு கிடையாது. தகரச் சாய்ப்பு பொருத்துங்கள். ஜன்னலைச் சுவர் மூலையிலிருந்து 2 அடிக்கு மேல் தள்ளியும் வையுங்கள்.

கேட்டவர்:
ஐயா, மூவருக்கும் நன்றி. சுரண்டிப் பார்த்ததில் சிமென்ட் கலவை கெட்டியாகவே உள்ளது. ஜன்னல் மூலையிலிருந்து 6 அடி தள்ளி வருகிறது. கொத்தனாரிடம் இதைப் படித்துக் காட்டினேன். துண்டுகளை இந்த வாரமே வார்க்க ஒப்புக்கொண்டார். ஜாக்கி முட்டுகளை முழுக் காலத்திற்கும் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன்.