கலைச்சொல் தேவை: எழுநடைச் சோதனை சரியா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
வணக்கம். முதியோர் கிளினிக்குக்கு ஒரு துண்டுப்பிரசுரம் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஒரு சோதனை வருகிறது: கதிரையிலிருந்து எழும்பி, வழமையான வேகத்தில் 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க எத்தனை செக்கன் என்று பார்ப்பது. 12 அல்லது அதற்கு மேல் என்றால் விழக்கூடியவர் என்று கவனமெடுப்போம். ஆங்கிலத்தில் ‘டைம்ட் அப் அண்ட் கோ’, 1991இல் வந்தது. நான் ‘எழுநடைச் சோதனை’, ‘வீழ்ச்சி முன்கணிப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

கல்முனையிலிருந்து:
தம்பி, எழுநடை வினைத்தொகை என்றால் எழுவது நடை, ஆள் அல்ல. எழுகடல், எழுபிறப்பு என்று பழகிய காதுக்கு அது ஏழு நடையும் ஆகிவிடும். ‘வீழ்ச்சி’ இன்னும் சிக்கல். ‘தாம்வீழ்வார் மென்றோள்’ என்னும் குறளில் வீழ்தல் விரும்புதல். ‘ஒழுக்கம் விழுப்பம் தரலான்’ என்பதிலோ விழு சிறப்பு. ஆலமரத்து விழுது மேலிருந்து விழுவதால் பெற்ற பெயர் என்பது என் எண்ணம். ஆகவே ‘விழுகை’ போடுங்கள். கதிரை போர்த்துக்கேயச் சொல், அதை ‘இருக்கை’ ஆக்குங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:
சேர், கதிரையை எடுக்க வேண்டாம். நான் பிசியோதெரபி செய்பவள். எங்கள் மூத்தம்மாமாரிடம் “எழும்பி நடந்திட்டு வந்து இருங்க” என்றுதான் சொல்கிறோம், உடனே விளங்குகிறது. பெயரும் ‘எழும்பி நடக்கும் சோதனை’ என்றே இருக்கட்டும். எனக்குப் பெரிய கவலை ‘முன்கணிப்பு’. இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து யார் விழுவார் என்று சொல்லவே முடியாது. 9 செக்கனில் வந்த ஒருவர், இரவு மலசலகூடத்துக்குப் போகும்போது தடக்கி விழுந்தார். முன்பு விழுந்திருக்கிறாரா, கண் தெரிகிறதா, நித்திரைக் குளிசை போடுகிறாரா என்றெல்லாம் கேட்க வேண்டும். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, 10 செக்கனில் வந்தவர் தனக்குப் பயமில்லை என்று நினைத்துவிடுவார்.

காரைதீவிலிருந்து:
சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்கே தலைமை தாங்கியவர் அவர். ‘எழும்பி’ பேச்சு வழக்கு. ‘எழுந்து நடத்தல்’ என்றால் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
நேரமில்லை. தனியாக எழுதியவர்களையும் சேர்த்தால் ‘எழும்பி நடக்கும் சோதனை’க்குத்தான் கூடுதல் பேர். ‘முன்கணிப்பு’ இல்லை, ‘விழும் ஆபத்து’ என்று மாற்றிவிட்டேன். அக்காவின் மூன்று கேள்விகளையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

கல்முனையிலிருந்து:
அனுப்புங்கள் தம்பி, கேள்விகளைச் சேர்த்தது நல்லது. ஆனால் ‘இடர்’ இருக்க ‘ஆபத்து’ என்ற வடசொல் எதற்கு? நான் உடன்படவில்லை. விழுது பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.