ட்ரெய்னருக்கு அடுத்த கிட்: ஸ்பிட்ஃபயரா, ஸ்டிக்கா?

காத்தாடி (பிடிஎம் லேஅவுட், பெங்களூரு)

வணக்கம். ரேடியோவில் பறக்கவிடும் மாடல் விமானம் பழகுகிறேன். இப்போது கையில் இருப்பது 1.2 மீட்டர் ஃபோம் ஹை-விங் ட்ரெய்னர் (இறக்கை மேலே இருக்கும், பழகுவதற்கான விமானம்), நாலு சேனல். இடப்பக்கம், வலப்பக்கம் சுற்றுவது, எட்டுப் போடுவது, லேசான குறுக்குக் காற்றில் இறக்குவது வரை வந்துவிட்டது. அடுத்ததை பால்சா (லேசான மரம்) கிட் வாங்கி நானே கட்ட ஆசை. இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர் விமானத்தின் மாடல்): இறக்கை நீளம் 1.1 மீட்டர், பரப்பு 20 சதுர டெசிமீட்டர், எடை 1.3 கிலோ. இன்னொன்று ஷோல்டர்-விங் ஸ்டிக் (உடலின் மேற்பக்கத்தில் இறக்கை வைத்த எளிய மாடல்): 1.3 மீட்டர், இறக்கை அகலம் நுனிவரை ஒரே 26 செ.மீ., எடை 1.3 முதல் 1.5 கிலோ. மனசு ஸ்பிட்ஃபயர் பக்கம்தான் போகிறது. 6 சேனல் ரேடியோ, 40 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), மூன்று 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் பேட்டரி இருக்கின்றன. எதை எடுக்கலாம்? கட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

வால்சக்கரம்

ஸ்டிக் எடுங்கள். கணக்குப் போட்டாலே தெரியும். ஸ்பிட்ஃபயரில் 1300 கிராமை 20 சதுர டெசிமீட்டர் தாங்குகிறது, அதாவது சதுர டெசிமீட்டருக்கு 65 கிராம். ஸ்டிக்கில் பரப்பு கிட்டத்தட்ட 34. 1400 கிராமில் கட்டி முடித்தால் 41 கிராம்தான்.

இதில் நம்ம ஊர் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர். 28 டிகிரி வெயிலில் இங்கே ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.05 கிலோ, சென்னையில் அதே வெயிலில் 1.17. பத்து சதவீதம் மெலிந்த காற்று என்றால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது) ஐந்து சதவீதம் கூடும். இங்கே ஸ்டிக் சுமார் 30 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும், ஸ்பிட்ஃபயர் 38-இல். இறக்கும்போது ஸ்டாலைவிட முப்பது சதவீதம் கூடுதலாக வைத்துக்கொண்டு வரவேண்டும். ஸ்டிக்கை 39-இல் கொண்டுவரலாம், ஸ்பிட்ஃபயரை 49-இல் கொண்டுவர வேண்டும். ட்ரெய்னருக்குப் பழகிய கண்ணுக்கு அந்த 49 ரொம்ப வேகமாகத் தெரியும். உடனே த்ராட்டிலைக் குறைக்கத் தோன்றும். ஆபத்து அங்கேதான்.

ஏனென்றால் ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கை நுனியில் குறுகுகிறது. மாடல் அளவில் குறுகின நுனியில்தான் காற்று முதலில் பிரியும். கடைசித் திருப்பத்தில் வேகம் குறைந்து எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இழுத்தால் ஒரு பக்க நுனி சட்டென்று விழும். அதை நிமிர்த்த எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை ஓரப் பலகை) கொடுத்தால், விழுந்த பக்கத்து எய்லரான் கீழே இறங்கி அந்த நுனியின் கோணத்தை இன்னும் கூட்டும், விமானம் சுழலில் போய்விடும். எலிவேட்டரை விட்டு, த்ராட்டில் கொடுத்து, ரடரால் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) நிமிர்த்தவேண்டும். அதற்கு 15 மீட்டர் உயரம் போதாது. போதாக்குறைக்கு அசல் ஸ்பிட்ஃபயரின் சக்கரங்களே நெருக்கமானவை. மாடலிலும் அப்படித்தான் வரும், மேடுபள்ளத் தரையில் பக்கவாட்டில் சாயும்.

ஸ்டிக் என்பது ஃபில் கிராஃப்ட் 1960களில் வரைந்த அக்லி ஸ்டிக்கின் வம்சம். அழகு குறைவுதான். ஆனால் இறக்கை அகலம் ஒரே அளவு என்பதால் ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) எல்லாமே ஒரே வடிவம். ஒன்று உடைந்தால் இன்னொன்றை வைத்து வரைந்து வெட்டிக்கொள்ளலாம். ட்ரெய்னர் மாதிரி தானாக நிமிராது, வைத்த சாய்விலேயே நிற்கும். அடுத்துக் கற்கவேண்டியது அதுதான். ஸ்பிட்ஃபயரை நாலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பால்சாதூள்

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த 1400 கிராம் தானாக வராது தம்பி. ஸ்டிக் கிட்டில் எடை ஏறுவது பெரும்பாலும் வாலில்.

6 மி.மீ. பால்சா ஷீட், 75-க்கு 900 அளவு, லேசான மரமாக இருந்தால் 40 கிராம், கெட்டியாக இருந்தால் 65. வாலுக்கு ஒன்றரை ஷீட் போகும் என்று வைத்தால் 60 கிராமுக்கும் 97 கிராமுக்கும் வித்தியாசம் 37. சிஜியிலிருந்து (விமானம் சமநிலையாக நிற்கும் புள்ளி) வால் 70 செ.மீ. தள்ளி, மூக்கு 25 செ.மீ. தள்ளி. அந்த 37 கிராமை ஈடுகட்ட மூக்கில் 100 கிராம் ஈயம் வைக்கவேண்டி வரும்! கிட் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, வால் துண்டுகளைச் சமையலறைத் தராசில் நிறுப்பது. கனமாக இருந்தால் அதே வடிவத்தை 6 மி.மீ. குச்சிகளால் சட்டமாகக் கட்டிவிடுங்கள், முழுப்பலகை வேண்டாம்.

இறக்கைக்குத் தட்டையான பலகை அவசியம். பழைய ஃப்ளஷ் டோர் கிடைத்தால் அதன்மேல் சாஃப்ட் போர்டு, அதன்மேல் பிளான், பிளான்மேல் பிளாஸ்டிக் ஷீட். மேல் ஸ்பாருக்கும் (இறக்கையின் நீளவாக்குக் கட்டை) கீழ் ஸ்பாருக்கும் நடுவே வரும் ஷியர் வெப்பை மரத்தின் நார் மேல்-கீழாக ஓடும்படி வைக்கவேண்டும். நீளவாக்கில் வைத்தால் வெட்ட எளிது, ஒட்ட எளிது, ஆனால் லூப் போடும்போது இறக்கை நடுவில் மடங்கும். நடு மூன்று ரிப் இடைவெளிகளில் வெப்பை விட்டுவிடாதீர்கள்.

ஒட்டுவதற்கு: ரிப்-ஸ்பார் மூலைகளுக்கு மெல்லிய சிஏ (உடனே ஒட்டும் பசை), இடைவெளி இருந்தால் கெட்டி சிஏ. ஃபயர்வாலுக்கும் (மோட்டார் பொருத்தும் முன்பலகை) இறக்கை நடு இணைப்புக்கும் 30 நிமிட எபாக்ஸி. ஐந்து நிமிட எபாக்ஸி மரத்துக்குள் ஊறுவதற்குள் இறுகிவிடும், மோட்டார் அதிர்வில் ஃபயர்வால் கழன்று வருவது அதனால்தான். வெள்ளை ஃபெவிக்கால் பிடிக்கும், ஆனால் காய நேரமாகும், சாண்ட் பேப்பரில் ரப்பர் மாதிரி உருளும். வெளியே தேய்க்கவேண்டிய இடத்தில் அது வேண்டாம்.

மழைக்காலத்தில் கட்டினால் மரம் ஈரம் வாங்கியிருக்கும். அப்போதே ஃபிலிம் (சூட்டில் ஒட்டும் மேலுறை) போட்டால் பிப்ரவரி, மார்ச்சில் மரம் சுருங்கி ஃபிலிம் சுருக்கம் விழும். சட்டத்தைச் சில நாள் உலர்ந்த அறையில் வைத்துவிட்டுப் போடுங்கள். ஓரம் ஒட்ட அயர்ன் 100 டிகிரி அளவு, நடுவை இழுக்க 140 முதல் 150. உங்கள் ஃபிலிமின் தாளில் வேறு எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுசாக இழுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். மேலும் கீழும் மாற்றி மாற்றி இழுக்கவேண்டும். கடைசியில் பலகையில் வைத்துப் பின் விளிம்பை அளந்து பாருங்கள். இரு நுனிகளுக்கும் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் அரை டிகிரிக்கு மேல் முறுக்கு. எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு சூடு காட்டினால் சரியாகும்.

காத்தாடி

மிக்க நன்றி, ஸ்டிக்தான். வாலுக்குச் சட்டம் கட்டிவிடுகிறேன். கிட் தாளில் 3536 மோட்டார், 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), 10×7 புரொப் (10 அங்குல விட்டம், 7 அங்குல பிட்ச்) என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் உள்ள 40 ஆம்பியர் இஎஸ்சி தாங்குமா? சர்வோ (பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்) பழைய 9 கிராம் பிளாஸ்டிக் கியர் நாலு இருக்கிறது, அதையே போடலாமா?

மூன்றுசெல்

10×7 வேண்டாம், 10×5-இல் தொடங்குங்கள். 3எஸ்-இல் 10×7 முழு த்ராட்டிலில் 36 ஆம்பியர் பக்கம் போகும். 40 இஎஸ்சியில் 32-ஐத் தாண்டாமல் வைத்தால்தான் வெயிலில் மூடின பெட்டிக்குள் சூடாகாமல் இருக்கும். 32 ஆம்பியர், 10.8 வோல்ட் என்றால் 345 வாட், 1.4 கிலோவுக்குக் கிலோவுக்கு 250 வாட் அளவு. லூப், ரோல் இரண்டுக்கும் தாராளம்.

வாட் மீட்டர் வைத்து அளக்காமல் பறக்கவேண்டாம். இங்கே அளக்கிற ஆம்பியர் பெங்களூரு காற்றுக்கானது. அதே புரொப் சென்னையிலோ தூத்துக்குடியிலோ அடர்ந்த காற்றில் சுமார் பத்து சதவீதம் கூடுதலாக இழுக்கும். ஊருக்கு எடுத்துப்போய்ப் பறக்கும் எண்ணம் இருந்தால் இங்கே 29 ஆம்பியருக்குள் நிறுத்துங்கள். பெங்களூரில் நன்றாக ஓடின இஎஸ்சி கடற்கரை ஊரில் கருகுவதற்கு இது ஒரு காரணம்.

2200-இல் 80 சதவீதம், அதாவது 1760 எம்ஏஎச்தான் எடுக்கவேண்டும். சராசரி 14 ஆம்பியர் என்றால் ஏழரை நிமிடம். டைமரை 6 நிமிடத்துக்கு வையுங்கள்.

எய்லரானுக்கும் எலிவேட்டருக்கும் பிளாஸ்டிக் கியர் கூடாது. எம்ஜி90எஸ் மாதிரி 13 கிராம் மெட்டல் கியர் போடுங்கள், பிளாஸ்டிக்கை ரடரோடு நிறுத்துங்கள். கியரில் ஆட்டம் இருந்தால் வேகத்தில் எய்லரான் படபடத்துக் கீலே பிய்ந்துவிடும். ஒவ்வொரு எய்லரானுக்கும் மூன்று சிஏ கீல், பக்கத்துக்கு ஐந்தாறு சொட்டு மெல்லிய சிஏ, காய்ந்தபின் கையால் அழுத்தமாக இழுத்துச் சோதிக்கவேண்டும்.

வால்சக்கரம்

எங்கே பறப்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. 2021 ட்ரோன் விதிகளில் ரேடியோ விமானமும் அடங்கும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோவுக்குள் இருப்பது மைக்ரோ வகை; வணிகமில்லாமல் பறக்க பைலட் உரிமம் வேண்டாம். 1.4 கிலோவில் கட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பச்சை மண்டலத்தில் (முன்அனுமதி வேண்டாத பகுதி) 120 மீட்டர் உயரம் வரை அனுமதி. விமான நிலையச் சுற்றிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 60 மீட்டர்தான். அதற்கும் உள்ளே முன்அனுமதி இல்லாமல் கூடாது. நம்ம ஊரில் எச்ஏஎல், ஜக்கூர், எலகங்கா, தேவனஹள்ளி என்று நாலு இருப்பதால் கிழக்கும் வடக்கும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் மைதானத்தின் புள்ளியையே வைத்துப் பாருங்கள், பேட்டையின் பெயரை நம்பவேண்டாம்.

காத்தாடி

பார்த்துவிடுகிறேன் சார். சிஜியும் த்ரோவும் (பலகைகள் அசையும் அளவு) மட்டும் சொல்லிவிடுங்கள்.

பால்சாதூள்

26 செ.மீ. அகலத்துக்கு முன் விளிம்பிலிருந்து 65 முதல் 70 மி.மீ., பேட்டரி உள்ளே இருக்கும்போது. முதல் பறப்புக்கு 65. எய்லரான் மேலே 10, கீழே 8 மி.மீ.; எலிவேட்டர் இருபுறமும் 10; எக்ஸ்போ (நடுவில் அசைவை மென்மையாக்கும் ரேடியோ அமைப்பு) 30 சதவீதம். மோட்டார் வலப்பக்கம் 2 டிகிரி, கீழே 1 டிகிரி. ஃபெயில்சேஃபில் (சிக்னல் போனால் எடுக்கும் நிலை) த்ராட்டில் பூஜ்யம் வைத்து, புரொப்பைக் கழற்றிவிட்டு ரேடியோவை அணைத்துச் சோதியுங்கள். பிறகு வாலுக்குப் பின்னால் நின்று பாருங்கள்: ரேடியோவின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வல எய்லரான் மேலே எழவேண்டும். புது விமானத்தில் தலைகீழாக வருவது இதுதான் அதிகம்.